நாலு கிலோ போட்ட கணக்கு

அந்தத் தானியக் கிடங்கில் எடை போடுகிறவரைப் போன வருடம் வரைக்கும் எல்லோரும் தராசுக்காரர் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். கயிறு இழுக்கும் போட்டிக்குப் பிறகு அவர் 'நாலு கிலோ' ஆகிவிட்டார். லோடு கொண்டுவரும் லாரி டிரைவர்கள்கூட வாசலில் நின்று, "நாலு கிலோ உள்ள இருக்காரா?" என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான். வருடத்துக்கு ஒரு தடவை கிடங்குப் பெண்களுக்கும் பக்கத்துத் தெரு எண்ணெய் ஆலைப் பெண்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரின் எடையும் சேர்ந்து ஐந்நூற்று அறுபது கிலோவைத் தாண்டக் கூடாது. அதனால் இழுப்பதற்கு முன்னால் எட்டுப் பேரும் ஒன்றாகத் தராசு மேடையில் ஏறி நிற்க வேண்டும். எத்தனை கிலோ என்பதை நடுவர் மட்டும் பார்ப்பார். பெண்கள் விஷயமாயிற்றே, எண்ணை வெளியே விடுவதில்லை. மற்றவர்களுக்குத் தெரிவதெல்லாம் மேடைக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் விளக்குதான். பச்சை எரிந்தால் போய்க் கயிற்றைப் பிடிக்கலாம். சிவப்பு எரிந்தால் அரை நிமிடம் அவகாசம். அதற்குள் எதையாவது கழற்றி வைத்துப் பச்சையாக்க முடியாவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

போன வருடம் நம்மவர்தான் கோச். "மூட்டையப் பாத்தே கிலோ சொல்றவன் நான். மனுஷங்கள நிறுத்திப் பாக்கணுமாக்கும்?" என்று மீசையைத் தடவிக்கொண்டு கண்ணாலேயே எட்டுப் பேரைப் பொறுக்கினார். மேடையில் சிவப்பு எரிந்தது. பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள், வளையலைக் கழற்றினார்கள், கொண்டை ஊசிகளை உருவி எறிந்தார்கள். சிவப்பு அசையவில்லை. எண்ணெய் ஆலைக்காரிகள் கயிற்றைத் தொடாமலே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எவ்வளவுதான் அதிகம் என்று தெரியாமல் அவருக்கு மனசு ஆறவில்லை. கூச்சலில் நடுவரின் காதில் எதுவும் விழாது என்பதால் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக் கேட்டார். நடுவர் நல்ல மனிதர், நாலு விரலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மைதானமே பார்த்தது.

எடை போட்டே சாப்பிடுகிற மனிதனின் அணி எடையில் தோற்றால் யார்தான் சும்மா விடுவார்கள், சொல்லுங்கள். வருடம் முழுக்க அவருக்கு அந்த நாலு விரல் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்த வருடம் மேடையில் பச்சை எரிய வேண்டும், பெயர் மாற வேண்டும். அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

அணிக்குக் கேப்டன், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அம்மாள். அவள் இந்த வருடம் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "கோச், உங்க கண்ணக் கொண்டுபோய் அலமாரியில வச்சுப் பூட்டுங்க. எல்லாரும் மெஷின்ல ஏறியாகணும்." முதலில் அவளே ஏறினாள். எண்பத்தொன்று. "என்ன இப்ப, என் வண்டி ரெண்டு டன் தூக்குது, நான் இந்த அளவுக்காச்சும் இருக்க வேணாமா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். அடுத்தடுத்து ஆறு பேர் ஏறினார்கள். ஒவ்வொருத்தியின் எண்ணையும் கேப்டன் ஏலம் விடுகிறவள் மாதிரி கத்தினாள். ஏழு பேருக்கும் சேர்த்து நானூற்று எண்பத்து நான்கு. ஆக எட்டாவது ஆளுக்கு மீதி இருப்பது எழுபத்தாறு கிலோ.

எட்டாவது ஆளுக்குத்தான் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் சாக்கு தைக்கும் பிரிவு. இரண்டு பேருக்கும் கை இரும்பு. இரண்டு பேருமே மேடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்றார்கள். ஒருத்தி அவருடைய மனைவி. இன்னொருத்தி அவருடைய தங்கை.

இந்த இடத்தில் வீட்டு வழக்கைச் சொல்லியாக வேண்டும். தங்கையின் கணவருக்குக் கப்பலில் வேலை, எப்போதாவதுதான் கரைக்கு வருவார். அதனால் தங்கை அண்ணன் வீட்டு மாடியில் இருந்தாள். சமையல் ஒன்று, சாப்பாடு ஒன்று, வாய் மட்டும் இரண்டு. மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது, "அண்ணி நின்னதும் எங்களுக்கு இடமில்லாமப் போச்சே" என்று தங்கை ஒரு வார்த்தை விட்டாள். "இடத்த அடைச்சுகிட்டு நீ நிக்கறப்ப நான் எங்க போவேன்" என்று மனைவி பதிலுக்கு விட்டாள். அன்றைக்குப் பிடித்தது. யார் அதிக குண்டு என்ற வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. நாற்காலி கிறீச்சிட்டால் வழக்கு, மாடிப்படி அதிர்ந்தால் வழக்கு. நடுவில் உட்கார்ந்த நம்மவருக்கு இரண்டு பக்கமும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலிதான் மிச்சம்.

அப்படிப்பட்டவர் வீட்டில் வாயைத் திறந்து, "உன் எடை எவ்வளவு?" என்று கேட்டதே பெரிய வீரம்தான்.

"முதல்ல உங்க தங்கச்சி ஏறட்டும், பின்னாடியே நான் ஏறறேன்" என்றாள் மனைவி.

"அண்ணி ஏறட்டும்ணே, நான் எங்க ஓடிடப் போறேன்" என்றாள் தங்கை.

சரி, ஏழு பேரோடு சேர்ந்தாவது ஏறு என்றால், கழித்துப் பார்த்துவிடுவீர்கள் என்று இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி மறுத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குக் கணக்கு நன்றாக வந்தது.

கடைசியில் மனைவியே ஒரு வழி சொன்னாள். "நானும் அவளும் ஒண்ணா ஏறறோம். மொத்தமா ஒரு நம்பர் வரும், எடுத்துக்கங்க. அதுல யாருது எவ்வளவுன்னு எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாது."

தங்கை உடனே சரி என்றாள். இத்தனை வருடத்தில் அண்ணி சொல்லி நாத்தனார் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் தோளோடு தோள் உரச மேடையில் ஏறினார்கள். சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன. நூற்று நாற்பத்தெட்டு. இரண்டு பேரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். வீட்டுக்குப் போனதும் தங்கை டீ போட்டு முதல் டம்ளரைக் கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்தாள். நம்மவர் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. தன் டீயைத் தானே போய் எடுத்துக்கொண்டு யோசனையில் இருந்தார்.

ஏனென்றால் அவருக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. கணக்கில் அவருக்கு உருப்படியாக வந்த பாடம் ஒன்றே ஒன்று. தெரியாதது இரண்டு இருந்தால், அவற்றைப் பற்றிச் செய்தியும் இரண்டு வேண்டும். இரண்டு சமன்பாடு எழுது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி, ஒரு தெரியாதது காணாமல் போகும், மற்றது கையில் நிற்கும். அந்த வயதில் அவருக்கு அது மந்திரவாதம் மாதிரி இருந்தது. இப்போது கையில் ஒரு சமன்பாடு வந்துவிட்டது. இன்னொன்று கிடைத்தால் போதும், தேர்வு எழுதாமலே பாஸ்.

இன்னொன்று எப்படிக் கிடைக்கும்? அவர் தொழில் பழக்கம் கை கொடுத்தது, அல்லது காலை வாரியது, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எடை போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எடையில் சந்தேகம் வந்தால், சரியாக ஐம்பது கிலோ என்று தெரிந்த சாக்கு ஒன்றை அதோடு சேர்த்து வைத்து மறுபடியும் பார்ப்பார்கள். அடுத்த நாள் அவர் அந்தச் சாக்கை மேடையில் வைத்து, இரண்டு பேரையும் திரும்ப ஏறச் சொன்னார்.

"எதுக்குண்ணே சாக்கு?"

"மெஷின் சரியா இருக்கான்னு பாக்க வேணாமா?"

நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மனிதருக்கு வாயெல்லாம் பல். பெண்கள் போனதும் சாக்கட்டியை எடுத்துத் தரையில் குந்தி எழுத ஆரம்பித்தார். மனைவி எக்ஸ், தங்கை ஒய். யாரை எக்ஸ் ஆக்குவது என்பதிலேயே கொஞ்ச நேரம் போயிற்று, யார் முதலில் என்று இதற்கும் ஒரு வழக்கு வந்துவிடப் போகிறதே என்று பயம். பிறகு துணிந்து எழுதினார். எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் நூற்று நாற்பத்தெட்டு. எக்ஸும் ஒய்யும் ஐம்பதும் சேர்ந்தால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இப்போது கீழே இருப்பதிலிருந்து மேலே இருப்பதைக் கழி. எக்ஸ் போயிற்று. ஆஹா என்றார். ஒய்யும் போயிற்று. மிஞ்சியது, ஐம்பது சமம் ஐம்பது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை பாடுபட்டு நிரூபித்தது என்னவென்றால், ஐம்பது கிலோ சாக்கு ஐம்பது கிலோ இருக்கிறது. இரண்டு தடவை எடை போட்டாலும் செய்தி என்னவோ ஒன்றுதான். ஒரே ஆள் வேறு சட்டை போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை சாட்சி சொல்ல வந்த மாதிரி. அந்த வழியாக வந்த கேப்டன், "என்ன கோச், விடை வந்துடுச்சா?" என்று கேட்டாள். "சாக்கு சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் காலால் தரையை அழித்தார்.

தங்கை சரியாக எழுபத்தாறோ குறைவாகவோ இருந்தால் அணிக்கு அவள் வேண்டும். எழுபத்தேழு இருந்தால் சிவப்பு எரியும். மனைவிக்கும் இதே கதைதான். எண்ணெய் ஆலைக்காரிகள் ஒரு கிலோகூட மிச்சம் வைக்காமல் ஐந்நூற்று அறுபதையும் நிரப்பிக்கொண்டுதான் வருவார்கள். அதனால் எழுபத்தாறுக்குள் எவ்வளவு கனமாக முடியுமோ அவ்வளவு கனமான ஆளைக் கயிற்றின் கடைசியில் நிறுத்த வேண்டும் என்பது கேப்டனின் கட்டளை. கண்ணால் பார்த்துச் சொல்லலாம் என்றால், அந்தக் கண் அலமாரியில் பூட்டி இருக்கிறதே. நம்மவருக்கு மண்டை காய்ந்தது. காலையில் வேலைக்கு வந்தால் எரிச்சலுக்கு எரிச்சலாக எடை மெஷின் அணைக்காமல் எரிந்துகொண்டே கிடந்தது. இது ஒரு நாள், இரண்டு நாள் கூத்தில்லை, அடிக்கடி நடப்பது. "ராத்திரி போறப்ப நான் அணைச்சுட்டுத்தான்யா போறேன். நீ என்ன மெஷின்ல ஏறி ஆடறியா?" என்று வாட்ச்மேனைப் பிடித்து ஒரு சத்தம் போட்டார். அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார்.

வழி கூரை ரூபத்தில் வந்தது. கிடங்குக் கூரைக்கு நீளமான இரும்புச் சட்டம் ஒன்று வந்து இறங்கியது. மேடையை விட மூன்று மடங்கு நீளம். இப்படி வரும்போது அவர் எப்போதும் செய்கிறதையே செய்தார். ஒரு முனையை மேடையில் வைத்து, மறுமுனையை அதே உயரத்துக் கல்லில் தாங்கவைத்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்கிச் சொன்னார். பாதி பாரம் மேடைக்கு, பாதி கல்லுக்கு. லாரிக்காரர் கிளம்பிப் போன பிறகும் அவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பலகை தேடப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் பயிற்சியில் புதிதாக ஒரு சங்கதி சேர்ந்தது. மூட்டை ஏற்றும் பலகையின் ஒரு முனை மேடையில், மறுமுனை கல்லில். பலகையின் எடையை மெஷினில் கழித்துச் சுழியாக்கி வைத்திருந்தார். "கயிறு இழுக்கறப்ப காலு ஆடக் கூடாது. எல்லாரும் ஜோடி ஜோடியா பலகையில ஏறி ஆடாம நிக்கணும்" என்றார். சந்தேகம் வரக் கூடாது என்று கேப்டனைக்கூட ஒருத்தியோடு ஏற்றினார். பலகை முனகியது. கடைசியில் அண்ணி, நாத்தனார் முறை. மனைவியை மேடைக்கு நேர் மேலே முனையில் நிறுத்தினார். தங்கையைப் பலகையின் சரி நடுவில் நிறுத்தினார். சேர்ந்துதானே ஏறுகிறோம், ஒப்பந்தப்படிதானே என்று அவர்களும் மறுக்கவில்லை.

மெஷினில் நூற்றுப்பத்து என்று வந்தது.

"பாத்தீங்களா அண்ணி, ஒரே வாரத்துல ரெண்டு பேருமா முப்பத்தெட்டு கிலோ இளைச்சுட்டோம்" என்றாள் தங்கை. மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

ஆட்கள் போனதும் சாக்கட்டி. மனைவி முனையில் நின்றதால் அவள் எடை முழுசாக மேடையில் இறங்கியிருக்கும். தங்கை நடுவில் நின்றதால் பாதி மேடைக்கு, பாதி கல்லுக்கு. ஆக, எக்ஸும் ஒய்யில் பாதியும் சேர்ந்தால் நூற்றுப்பத்து. முன்னாலேயே கையில் இருப்பது, எக்ஸும் முழு ஒய்யும் சேர்ந்தால் நூற்று நாற்பத்தெட்டு. கழித்தார். எக்ஸ் போயிற்று. இந்த முறை ஒய் போகவில்லை. பாதி ஒய் முப்பத்தெட்டு. அப்படியென்றால் முழு ஒய் எழுபத்தாறு. நூற்று நாற்பத்தெட்டில் அது போனால் எக்ஸ் எழுபத்திரண்டு. தலைகீழாகக் கூட்டிப் பார்த்தார், சரி. பாதியைப் போட்டுக் கூட்டிப் பார்த்தார், அதுவும் சரி. தங்கை எழுபத்தாறு, இருக்கிற இடத்துக்குக் கச்சிதம். கிடங்கில் ஆள் இல்லை என்பதால் ஒரு தடவை குதித்துக்கூடப் பார்த்தார்.

இரண்டு பேருக்கும் வித்தியாசம் நாலு கிலோ. அது அவரை விடாது போலிருக்கிறது. மனைவியை எடுத்தால் பச்சை நிச்சயம், ஆனால் நாலு கிலோ குறைவாகப் போய் நிற்பார்கள். தோற்றால் அதே பெயர் நிலைத்துவிடும். தங்கையை எடுத்தால் ஐந்நூற்று அறுபது, ஒரு வாய் சோறு கூடுதலாக இருந்தாலும் சிவப்பு. அவர் தன் கணக்கை நம்பினார். தங்கைதான் என்று முடிவு செய்தார்.

முடிவு செய்த பிறகுதான் வீட்டு வழக்கு ஞாபகம் வந்தது. மனைவியை ஒதுக்கினால் அவள் என்ன நினைப்பாள்? தான்தான் அதிகம், அதனால்தான் ஒதுக்கினார் என்று நினைப்பாள். உண்மை நேர் எதிர். வருடக்கணக்காக நடந்த வழக்கில் அவள் பக்கம்தான் ஜெயம். நீதான் லேசு என்று ஒரே ஒரு தடவை யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கியது அவருக்குத் தெரியும். சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் தங்கையின் எடையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். கூடப் பிறந்தவளை அப்படி விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. விடை கையில் இருந்தும் வாயில் வராத கணக்கு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சாப்பிடும்போது ஒருவழியாக ஆரம்பித்தார். "எட்டாவது ஆள் விஷயமா... உயரம், கை நீளம், அப்புறம் கயித்தோட கடைசியில நிக்கறதுக்கு ஒரு..."

"அவளே இழுக்கட்டும்" என்றாள் மனைவி. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?"

தங்கை தலையை நிமிர்த்தி அண்ணியைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டாள். ஒரு கிண்டல் இல்லை, ஒரு குத்தல் இல்லை. யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே நாற்காலி கிறீச்சிட்டாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. புயல் வரும் என்று குடையோடு உட்கார்ந்திருந்த நம்மவருக்கு இந்த அமைதியைப் பார்த்துத்தான் பயம் அதிகமாயிற்று. குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

போட்டியன்று காலையில் எட்டுப் பேருக்கும் பட்டினி. எடை போட்டு முடிகிறவரைக்கும் ஒரு பருக்கை வாயில் படக் கூடாது, தாகமெடுத்தால் தண்ணீர் மட்டும் ஒரு மடக்கு என்று உத்தரவு. அன்று எடை போட்டபோது இருந்த அதே உடுப்பு, அதே வெறுங்கால். கழற்றுவதற்கு இனி அவர்களிடம் பெரிதாக எதுவுமே இல்லை. எட்டுப் பேரும் மேடையில் நெருக்கியடித்து ஏறினார்கள். எண்ணெய் ஆலைக் கூட்டத்தில் யாரோ நாலு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவர் பார்க்காத மாதிரி விளக்கைப் பார்த்தார்.

சிவப்பு எரிந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பலகை வளைந்திருக்குமோ, நடு தப்பியிருக்குமோ, பாதி என்பது பாதி இல்லையோ. அரை நிமிடம் ஓட ஆரம்பித்தது. கேப்டன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி எறிந்தாள். சிவப்பு. அவர் மேடைப் பக்கம் ஓடினார், ஓடி என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றார். மறுபடியும் நாலு விரல், மறுபடியும் ஒரு வருடம். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பின்னால் நின்ற மனைவி அவர் தோளைத் தொட்டு நகர்த்தினாள். பதற்றமே இல்லாமல் சொன்னாள்: "கணக்கு சரியாத்தான் இருக்கு. எதையோ கூடச் சேத்து வச்சிருக்கா." பிறகு மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய், சின்னவளே, இடுப்புல என்னடி புடைச்சுகிட்டு இருக்கு?"

தங்கை இடுப்பைத் தடவிப் பார்த்தாள். முழுத் தண்ணீர் பாட்டில் ஒன்று உடுப்புக்குள்ளே செருகி இருந்தது. "தண்ணி குடிக்கலாம்னு அண்ணன்தானே சொன்னாரு" என்று முனகிக்கொண்டே உருவி அண்ணியிடம் வீசினாள். மனைவி அதைப் பிடித்தாள். விளக்கு பச்சையானது.

அதற்கப்புறம் நடந்ததைக் கிடங்கில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாளவில்லை. தங்கை கயிற்றின் கடைசியில் குதிகாலை மண்ணில் ஊன்றி உட்காருவது போலச் சாய்ந்தாள். எண்ணெய் ஆலைக்காரிகள் இழுத்த இழுப்புக்கு ஒரு விரற்கடை நகரவில்லை. ஓரத்தில் நின்ற மனைவி, "விடாதடி, விடாத, சாஞ்சுக்கோ" என்று கத்திய கத்தலில் அடுத்த நாள் அவளுக்குக் குரலே இல்லை. கிடங்கு ஜெயித்தது. கோப்பையைத் தங்கையின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்து ஊர்வலமாக அழைத்துப் போனார்கள்.

கொஞ்சம் பின்னால் மனைவியோடு நடந்து வந்த நம்மவருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"கணக்கு சரியா இருக்குன்னு சொன்னியே, உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க ஏழு பேரு நானூத்தி எண்பத்துநாலு. கேப்டன்தான் ஊருக்கே கேக்கற மாதிரி கத்துனாங்களே. உங்க தங்கச்சி எழுபத்தாறு. கூட்டினா வருதே."

"எழுபத்தாறுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? ரெண்டு பேரும் ஏறுனப்ப நூத்தி நாப்பத்தெட்டுன்னு வந்துச்சு. என்னோடது எனக்குத் தெரியாதா? கழிச்சுகிட்டேன்."

அவர் தெருவில் அப்படியே நின்றுவிட்டார். தெரியாதது இரண்டு என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டாரே, அந்த இரண்டும் அவருக்குத்தான் இரண்டு. மனைவிக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. தங்கைக்கும் ஒன்றே ஒன்று. சிவப்பு எண்கள் ஓடி நின்ற அந்த நொடியிலேயே இரண்டு பேருக்கும் விடை வந்துவிட்டது. சாக்கோடு ஏறியதும் பலகையில் நின்றதும் அவருக்காக மட்டும்தான்.

"அப்போ அவளுக்கும் தெரியுமா?"

"தெரியாம என்ன. முதல்ல எனக்கு, ஆஹா, ஜெயிச்சாச்சு, இத்தனை வருஷத்துக்கும் சேத்து இன்னிக்கு வாங்கிடணும்னுதான் இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன். அவளும் கழிச்சுப் பாத்துட்டா. நான் எப்போ வாயத் திறப்பேனோன்னு என்னையே பாத்துகிட்டு நின்னா, பாவம். எனக்குச் சொல்லத் தோணல. வீட்டுக்கு வந்தா, முதல் டீய எனக்குக் கொண்டாந்து கொடுக்கறா. அதுக்கப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

அவர் மனைவியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கித் தான் வைத்துக்கொண்டார். முன்னால் ஊர்வலத்தில் தங்கை திரும்பி, அண்ணி வருகிறாளா என்று பார்த்துக் கையை ஆட்டினாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. நான் கல்லு தூக்கி, பலகை தூக்கி..."

"சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க அவ்வளவு ஆசையா தரையில எழுதிகிட்டு இருந்தீங்க. கெடுக்க மனசு வரல."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவருக்கு இன்னொன்று இடித்தது. "ஆமா, உன் எடை உனக்கு எப்படித் தெரியும்? நீ தராசுல ஏறி நான் ஒரு தடவகூடப் பாத்ததில்லையே. அவளும்தான் ஏற மாட்டா. வீட்லயும் மெஷின் கிடையாது."

மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"நாளைக்கு வேலைக்குப் போனதும் அந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டு, தெரியாம சத்தம் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள். "அவருக்கும் அந்த மெஷினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."